துடுப்பின் மேல் போடும் பழி

“நாற்பதைத் தாண்டியவன் கயாக் ஓட்டினால் தோள் தேய்ந்துவிடும். வலி வந்துவிட்டதா, துடுப்பைத் தூக்கிப் போட்டுவிடு.” சென்னைக்குப் பக்கத்தில் முட்டுக்காட்டிலும் கோவளத்திலும் வார இறுதியில் தண்ணீரில் இறங்குகிறவர்களிடம் யாராவது ஒருவர் இதைச் சொல்லாமல் விடுவதில்லை. இதன் பின்னாலேயே வேறு உபதேசங்களும் வரும். தோளில் பலமில்லாதவன் வரக்கூடாது. வலித்தால் முழு ஓய்வு. ஓய்வில் தீராவிட்டால் ஸ்கேன். ஸ்கேனில் கிழிசல் தெரிந்தால் ஆபரேஷன். ஒவ்வொன்றிலும் கால்வாசி உண்மை இருக்கிறது. அதை வைத்துத்தான் மீதி முக்கால்வாசியும் செலாவணியாகிறது.

தேய்மானம் என்பது முழங்காலிடமிருந்து கடன் வாங்கிய பயம். முழங்கால் உடம்பின் எடையைச் சுமக்கிறது, தோள் சுமப்பதில்லை. மூட்டுத் தேய்மானம் தோளிலும் வரலாம், ஆனால் முழங்காலோடு பார்த்தால் குறைவு. பொழுதுபோக்காகத் துடுப்புப் போடுகிறவருக்கு வரும் வலி பெரும்பாலும் மூட்டைச் சுற்றியிருக்கும் தசைநாண்களின் வலி. தோளின் பந்தைக் கிண்ணத்தோடு அணைத்துப் பிடிக்க நான்கு சிறிய தசைகள் இருக்கின்றன. பழகாத வேலையை ஒரே நாளில் அவற்றின் தலையில் கட்டினால் அவை முனகும். மாதக்கணக்கில் நாற்காலியில் உட்கார்ந்திருந்துவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் எதிர்காற்றில் துடுப்புப் போட்டால் வேறென்ன நடக்கும்?

துடுப்பையே தொடாதவருக்கும் வரும் ஒன்று, உறைந்த தோள். நாற்பதிலிருந்து அறுபது வயதுக்குள் அதிகம் வருவது. சர்க்கரை நோய் இருந்தால் வாய்ப்பு இன்னும் கூடும். கை முதுகுப் பக்கம் போகாது, பக்கவாட்டில் விரியாது, மற்றவர் பிடித்துத் தூக்கினாலும் பாதியில் நின்றுவிடும். நம் ஊரில் எத்தனை பேருக்குச் சர்க்கரை இருக்கிறது என்று யோசித்தால், கயாக்கின் கணக்கில் எழுதப்படும் தோள்வலிகளில் சில எங்கே சேர வேண்டியவை என்பது விளங்கும்.

அடுத்தது பலம். தோள் பலத்தை நம்பி ஓட்டுகிறவர்தான் முதலில் மாட்டுகிறார். முறையான வீச்சில் துடுப்பு பாதத்தின் அருகே தண்ணீரில் இறங்கி, இடுப்பை எட்டியதும் வெளியே வந்துவிட வேண்டும். உந்துவது காலும் இடுப்பும் திரும்பும் உடம்பும். கை வெறும் இணைப்பு. அதனால்தான் கால் மிதியைச் சரியான தூரத்தில் வைப்பது துடுப்பைப் பிடிப்பதற்கு முந்தைய பாடம். வாடகைப் படகில் அந்த மிதியைப் பார்ப்பவர் யார்? முதுகுச் சாய்வில் சோபாவில் போலச் சாய்ந்துகொள்கிறோம், உடம்பு திரும்ப வழியில்லை, வேலை முழுக்கத் தோளுக்குப் போகிறது. போதாததற்கு மேலே உட்காரும் வகைப் படகுகள் அகலமானவை. அவற்றுக்கு 230, 240 சென்டிமீட்டர் துடுப்பு தேவைப்படும் இடத்தில் குட்டைத் துடுப்பு கிடைத்தால், தண்ணீரை எட்டுவதற்காகவே ஒவ்வொரு முறையும் கை தோளுக்கு மேலே போகும். ஒரு மணி நேரத்தில் இது ஆயிரத்துக்கு மேல் நடக்கும்.

இனி, உண்மையிலேயே பயப்பட வேண்டியது. தோள் மூட்டு ஆழமில்லாத தட்டில் எலுமிச்சம்பழத்தை வைத்த மாதிரி. எல்லாப் பக்கமும் சுழலும், அதற்கு விலையாகச் சுலபத்தில் நழுவும். அநேகமாக எப்போதும் முன்பக்கமாகத்தான் நழுவும். கோவளத்தில் கரைக்குத் திரும்பும்போது அலை படகைக் குறுக்கே திருப்புகிறது. கவிழாமல் இருக்கப் புதியவர் துடுப்பைத் தலைக்கு மேலே தூக்கி, கையைப் பின்னால் நீட்டி அலையின் மேல் ஊன்றுகிறார். அலை துடுப்பை இன்னும் பின்னுக்கு இழுக்கிறது. விரிந்து வெளிப்பக்கம் திரும்பிய கையில் பந்து வெளியேற இதைவிட வசதியான நிலை கிடையாது. எவ்வளவு உருண்டு திரண்ட தோளும் அங்கே உதவாது. உதவுவது பழக்கம்: முழங்கை தோளுக்குக் கீழே, கைகள் எப்போதும் மார்புக்கு முன்னால், பின்னால் எட்ட வேண்டுமானால் கையை அனுப்பாமல் உடம்பையே திருப்புவது. கோழிக்கோட்டுக்குப் பக்கத்தில் கோடஞ்சேரியில் மலபார் நதித் திருவிழாவுக்கு வரும் வெள்ளநீர் ஓட்டிகளைக் கவனித்தால் இது தெரியும். அவ்வளவு கொந்தளிப்பிலும் முழங்கை விலாவை விட்டு அதிகம் விலகாது.

நழுவிய தோளைக் கரையிலேயே இழுத்துப் போட முன்வரும் வீரர்களைத் தயவுசெய்து தடுத்துவிடுங்கள். எலும்பு முறிந்திருக்கலாம், நரம்பு நசுங்கியிருக்கலாம். முறிவு எக்ஸ்ரே எடுக்காமல் தெரியாது. தோளின் வெளிப்பக்கம் மரத்துப்போயிருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். இங்கே மட்டும் பழைய உபதேசத்துக்கு நான் தலைவணங்குகிறேன்: ஓய்வும் ஸ்கேனும் சில வேளை ஆபரேஷனும் இங்கேதான் பொருத்தம். இருபது வயதுக்குள் முதல்முறை நழுவியவர்களில் பெரும்பாலோருக்கு மறுபடி நழுவும். அவர்களுக்கு ஆபரேஷனைப் பற்றி ஆரம்பத்திலேயே பேசுவது நியாயம். நாற்பதைத் தாண்டியவருக்கு நழுவும்போதே தசைநாண் கிழிவது உண்டு. விழுந்த பிறகு கையைத் தூக்கவே முடியவில்லை என்றால் காத்திருக்கக் கூடாது.

ஆனால் மெல்ல மெல்ல வந்த வலிக்கும் இதே வைத்தியத்தை நீட்டுவதுதான் கோளாறு. 1995இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், தோளில் எந்தத் தொந்தரவும் இல்லாத 96 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். 34 சதவீதம் பேருக்குத் தசைநாணில் கிழிசல் இருந்தது. அறுபதைத் தாண்டியவர்களில் பாதிக்கு மேல். வலியே இல்லாதவரின் படத்திலும் இருக்கும் கிழிசலை வலிக்கான குற்றவாளியாக உடனே பிடித்துக் கொடுக்க முடியுமா? ஸ்கேன் அறிக்கையைப் படித்த பிறகு கையைத் தூக்கவே பயப்படுகிறவர்கள்தான் மிச்சம்.

“எலும்பு உரசுகிறது, கொஞ்சம் செதுக்கிவிட்டால் போதும்” என்ற ஆபரேஷனுக்கும் ஒரு வரலாறு உண்டு. 1972இல் அமெரிக்க மருத்துவர் சார்லஸ் நீர் முன்வைத்த விளக்கம் அது. கேட்பதற்கு இயந்திரக் கணக்குபோல அவ்வளவு தெளிவாக இருந்ததால் உலகமெங்கும் பரவியது. பிரிட்டனில் 313 நோயாளிகளை வைத்து அதைச் சோதித்தார்கள். சிலருக்கு எலும்பைச் செதுக்கினார்கள், சிலருக்குக் கருவியை உள்ளே விட்டுப் பார்த்துவிட்டு எதையும் செதுக்காமல் தைத்தார்கள், மற்றவர்களுக்கு ஒன்றும் செய்யவில்லை. செதுக்கியதும் செதுக்காமல் தைத்ததும் ஒரே பலனைத்தான் தந்தன. ஒன்றும் செய்யப்படாதவர்களைவிட இந்த இரு பிரிவினரும் பெற்ற நன்மையும் சொற்பமே. 2018இல் பின்லாந்து ஆய்வும் செதுக்குவதால் தனிப் பலன் இல்லை என்றது. அடுத்த ஆண்டே இந்த வகை வலிக்கு அந்த ஆபரேஷன் வேண்டாம் என்று பன்னாட்டு நிபுணர் குழு ஒன்று அழுத்தமாகப் பரிந்துரைத்தது. ஸ்டீராய்டு ஊசி சில வாரங்களுக்கு வலியை அடக்கும். அந்த வாரங்களில் பயிற்சி செய்தால் லாபம், படுத்திருந்தால் நஷ்டம்.

அப்படியானால் வலியோடு துடுப்புப் போடச் சொல்கிறாயா என்று கேட்பார்கள். கொஞ்சம் வலியோடு, ஆமாம். பத்துக்கு மூன்று, நான்கு என்ற அளவில் வலித்து, மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்கு வந்துவிட்டால் அந்த வேலையைத் தோள் தாங்குகிறது என்று அர்த்தம். தாங்காவிட்டால் தூரத்தைப் பாதியாக்கி, காற்றில்லாத காலை நேரத்தில் காயலோடு நிறுத்திக்கொள்ளலாம். இடையில் எலாஸ்டிக் பட்டையை இழுக்கும் பயிற்சி, பிறகு சிறிய எடைகள், படிப்படியாக. பலன் தெரிய மூன்று மாதம்கூட ஆகும். இரண்டே வாரத்தில் விட்டுவிட்டு “ஃபிசியோ எனக்கு ஒத்துவரவில்லை” என்பவர்களுக்காக இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. இரவில் தூங்கவிடாத வலி, காய்ச்சல், கை மரத்துப்போவது, நாளுக்கு நாள் பலம் குறைவது ஆகியவற்றுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. மருத்துவரிடம் போக வேண்டும்.

இன்னொரு சந்தேகமும் எனக்கு உண்டு. இருவர் உட்காரும் படகு முப்பது கிலோவைத் தொடும். தண்ணீரில் களைத்து வந்த கையோடு அதைத் தனியாளாகத் தலைக்கு மேல் தூக்கிக் காரின் கூரையில் ஏற்றுகிறார்கள். மறுநாள் தோள் வலிக்கிறது. பழி துடுப்பின் மேல் விழுகிறது. பக்கத்தில் நிற்பவரை ஒரு கை பிடிக்கச் சொல்வதில் என்ன வெட்கமோ தெரியவில்லை.