ஊமைப் பகரமும் உயிர்ப் பிணியும்

'நிமோனியா' என்னும் நோய்ப்பெயரை ஆங்கிலத்தில் எழுதினால் அதன் தலையில் ஒரு பகரம் நிற்கும். நிற்கும், ஆனால் ஒலிக்காது. தப்பித்தவறி அதனை ஒலித்துவிட்ட தமிழ் மாணவனைப் பார்த்து வகுப்பே நகைக்கிறது. 'நியூ–மோ–னி–ய' என நான்கு அசையாய்ப் பிரித்து, இரண்டாம் அசையை அழுத்திச் சொல்லத் தெரிந்தவனே அறிவாளியாம்!

அப் பகரத்தை ஊமையாக்கியவர் யார்? சொல் கிரேக்கருடையது, அவர்கள் அதனை ஒலித்தனர். பகரமும் னகரமும் பிணைந்து சொல்லைத் தொடங்குதல் ஆங்கிலேயன் நாவுக்கு ஒவ்வவில்லை, விட்டொழித்தான். மூச்சு நின்றுபோதலைக் குறிக்கும் 'அப்னியா'வைப் பாருங்கள். கிரேக்கத்தில் 'அ' என்பது இன்மை; எஞ்சியது மூச்சு. ஆங்கிலேயனோ 'அப்–னி–ய' என மூச்சின் வேரையே நடுவில் வெட்டிப் பகரத்தை முன்னசையோடு ஒட்டிக்கொண்டான். அதனால் இங்கு மட்டும் அது வாய்திறக்கிறது! இதற்காக அவன் எந்தக் கிரேக்கன்முன்னும் நாணி நின்றானில்லை. தன் நாவுக்கேற்ப அயற்சொல்லை வளைத்தல் அவனுக்கு உரிமை. உயிரேறா மெய் சொல்லுக்கு முதலாகாது என இலக்கணம் வகுத்த தமிழனுக்கு மட்டும் அஃது அறியாமையோ?

செருமானியர் இவ் வம்பில் சிக்கவேயில்லை. நுரையீரலுக்கும் அழற்சிக்கும் தம் மொழியிலுள்ள சொற்களைக் கூட்டி, அக் கூட்டுச்சொல்லாலேயே நோயாளியிடம் பேசுகின்றனர். 'நுரையீரல் அழற்சி' என்னும் நம் சொல்லும் அத்தகையதே. உறுப்பும் தெரிகிறது, அதற்கு உற்றதும் தெரிகிறது.

காய்ச்சற் குழந்தையை ஏந்திவரும் தாயிடம் 'நிமோனியா' என்றால் அவளுக்கு என்ன விளங்கும்? நுரையீரல் என்று சொல்லியிருந்தால், மூச்சு விரைகிறதா, மூச்சிழுக்கையில் நெஞ்சின் அடிப்புறம் உள்வாங்குகிறதா என்று இரவெல்லாம் விழித்துப் பார்ப்பாள். கண்டதும் மருத்துவமனைக்கு ஓடுவாள். அசை பிரிக்கக் கற்ற மருத்துவர்க்கு இதனைச் சொல்ல நாவெழவில்லை!

தமிழால் இயலாது என்பார்க்கு ஒன்று. 1847-இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிரீன், மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். மருத்துவ நூல்களையும் தமிழில் ஆக்குவித்தார். அந் நூற்பெயர்களில் வடசொல் மலிந்திருந்தது மெய்யே. அது களையக்கூடிய குறை. கடல்கடந்து வந்த ஓர் அயலான் தமிழைக் கற்று அதிலேயே மருத்துவம் உரைத்தான். தமிழ்த்தாய் வயிற்றில் பிறந்த மருத்துவன் தமிழ் நோயாளியிடம் எம்மொழியில் பேசுகிறான்?