மார்ஃபின் என்றால் ஏன் இவ்வளவு தயக்கம்?

இடைநிலைப்பள்ளியில் நடந்த போதைப்பொருள் எதிர்ப்புக் கண்காட்சி நம்மில் பலருக்கு நினைவிருக்கும். ஹெராயின், கஞ்சா, மார்ஃபின் என்று வரிசையாகப் படங்கள். பக்கத்திலேயே தூக்குக் கயிறு வரைந்த சுவரொட்டி. அந்த மூன்றாவது பெயர் புற்றுநோய் வார்டில் அன்றாட மருந்து என்பதை எந்தச் சுவரொட்டியும் நமக்குச் சொல்லவில்லை.

மருத்துவ மாணவர்களும் அதே சுவரொட்டிகளைப் பார்த்து வளர்ந்தவர்கள்தாம். மருந்தியல் பாடத்தில் மார்ஃபின் மூச்சைக் குறைக்கும், பழக்கமாகிவிடும் என்று படிக்கிறார்கள். இரண்டும் உண்மை. ஆனால் சிறிய அளவில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டினால், மூச்சு குறைவதற்கு முன்பே நோயாளிக்குத் தூக்கக் கலக்கம் வந்து எச்சரிக்கும் என்பதையும், புற்றுநோய் வலிக்காக முறையாக எடுப்பவர் போதைக்கு அடிமையாவது குறைவு என்பதையும் கட்டிலருகே நின்று பார்த்தால்தான் மனம் நம்பும்.

உலகச் சுகாதார நிறுவனம் 1986-இல் புற்றுநோய் வலிக்கு மூன்று படிகள் கொண்ட முறையை வெளியிட்டது. முதலில் பாராசிட்டமால் போன்றவை, அடுத்து கோடீன், கடுமையான வலிக்கு மார்ஃபின். வலி வந்த பிறகு கொடுக்காமல், கடிகாரத்தைப் பார்த்துக் கொடுக்க வேண்டும் என்பது அதன் முக்கிய விதி. நான்கு மணி நேரத்திற்கு ஒருமுறை 10 மில்லிகிராம் என்றால் ஒரு நாளைக்கு 60. இடையில் வலி கிளம்பினால் கூடுதலாக ஒரு 10. நேற்று மூன்று முறை கூடுதல் தேவைப்பட்டதா? மொத்தம் 90, அப்படியானால் இன்று வேளைக்கு 15. கூடவே மலச்சிக்கலுக்கு மருந்து, அதை மறந்தால் நோயாளியே மார்ஃபினை நிறுத்திவிடுவார். எஸ்பிஎம் கணிதம் தெரிந்தவர் போடக்கூடிய கணக்குதான் இது. அதைப் போடும் துணிச்சலைத்தான் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கிறது.

நம் நாட்டில் அடித்தளம் இல்லாமல் இல்லை. ஹோஸ்பிஸ் மலேசியா 1991 முதல் இயங்குகிறது. காய்ச்சல், நாடி, மூச்சு, இரத்த அழுத்தம் ஆகியவற்றோடு வலியையும் ஐந்தாவது குறியாகப் பதிவு செய்யும் முறையைச் சுகாதார அமைச்சு 2008-இல் கொண்டுவந்தது. நோய்த்தணிப்புப் பராமரிப்புக்கு 2019 முதல் 2030 வரையிலான தேசியக் கொள்கையும் உண்டு. ஆனால் தாளில் 8 என்று எழுதிவைத்தால் மட்டும் வலி குறையாது. அந்த எண்ணைப் பார்த்த பயிற்சி மருத்துவர் அடுத்து என்ன செய்கிறார் என்பதுதான் கேள்வி.

நம்மவர்கள் பலர் மருத்துவம் படிக்கப் போகும் இந்தியாவில் சிக்கல் இன்னும் ஆழமாக இருந்தது. 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தால் மார்ஃபினுக்குப் பல உரிமங்கள் தேவைப்பட்டன. பல மருத்துவமனைகள் அதை வாங்கி வைப்பதையே விட்டுவிட்டன. 2014-இல் சட்டம் திருத்தப்பட்டது. ஆனால் இடைப்பட்ட காலத்தில் படித்தவர்களில் பலர் அந்த மருந்தைக் கையாளப் பழகாமலேயே மருத்துவர்களானார்கள், ஆசிரியர்களும் ஆனார்கள். சட்டத்தைத் திருத்திய வேகத்தில் பழக்கத்தைத் திருத்த முடியவில்லை.

அமெரிக்காவில் வலி மருந்துகளால் ஏற்பட்ட பேரழிவைச் சிலர் சுட்டிக்காட்டுவார்கள். அந்த அச்சம் நியாயமானது. ஆனால் அங்கே முதுகுவலி போன்ற நாள்பட்ட வலிகளுக்கும் தாராளமாக எழுதிக்கொடுத்தது பெரிய காரணம். எங்கே கொடுக்கலாம், எங்கே கூடாது என்று பிரித்தறியவும் பயிற்சிதானே வேண்டும்?

பயிற்சியில் மொழியும் சேர வேண்டும். நம் பாட்டி ஒருவர் "எரியுதுய்யா, கரண்டு அடிச்ச மாதிரி இருக்கு" என்றால் அது நரம்பு வலியாக இருக்கலாம். மார்ஃபின் மட்டும் போதாமல் கபாபென்டின் போன்ற வேறு மருந்தும் தேவைப்படலாம். "கடுக்குது" என்றால் கதை வேறு. மலாயிலும் இவற்றுக்குத் தனித்தனிச் சொற்கள் உண்டு. ஆனால் பாட்டியின் கடைத்தெரு மலாயில் எல்லாமே "சாகிட்" தான். அதையும் சொல்லாமல், டாக்டரைத் தொந்தரவு செய்யக்கூடாது என்று "பரவாயில்லை" என்பவர்களே அதிகம்.

மாணவர்களான நமக்கு ஒன்று நன்றாகத் தெரியும்: தேர்வில் வராததை யாரும் படிப்பதில்லை. இறுதியாண்டுச் செய்முறைத் தேர்வில் ஒரு மேசையில் வலி அளவு 8 உள்ள புற்றுநோயாளியின் குறிப்பேட்டை வைத்து, இன்றிரவுக்கான மருந்தை எழுதச் சொல்லலாம். அவருடைய மகள், "அம்மாவுக்குப் போதைப்பொருளா கொடுக்கிறீங்க?" என்று கேட்பதாகவும் வைத்துக்கொள்ளலாம். அதற்கு அவர் சொல்லும் பதிலுக்கும் மதிப்பெண் இருக்க வேண்டும்.