ஊர்ப் பெயரும் ஓர் இலக்கணப் பாடம்

கிளிநொச்சி மாவட்டத்தில், அக்கராயன்குளத்துக்கு அண்மையில் உள்ளது ஸ்கந்தபுரம். அப்பெயரின் முதலெழுத்தைக் கண்டதும் முகஞ்சுளிக்கும் தமிழன்பர் சிலர், ‘கந்தபுரம் என்று திருத்தி எழுதினால் என்ன?’ என வினவுகின்றனர். வினா தவறன்று, விடைதான் ஆராய்தற்குரியது.

ஸ்கந்தபுரம் வடமொழித் தொகைச்சொல். வடநூலார் இதனைத் தற்புருடத் தொகை என்பர். நம் இலக்கணப்படி விரித்தால், ‘கந்தனது புரம்’ என ஆறாம் வேற்றுமைத் தொகையாகும். ‘ஸ்கந்த்’ என்னும் வினையடி பாய்தல், தெறித்து வீழ்தல் ஆகிய பொருள்களைத் தருவது. சிவபெருமானின் நெற்றிக்கண் பொறிகளிலிருந்து தோன்றிய முருகனுக்கு இப்பெயர் பொருந்துகிறது. உமையம்மை அறுவரையும் ஒருங்கே தழுவி ஒருவனாக்கியதால் கந்தன் எனப் பெற்றான் என்பது புராண மரபு. ‘புர்’ என்பது இருக்கு வேதத்தில் அரணைக் குறித்த சொல். பின்னர் நகரையும் ஊரையும் குறிக்கலாயிற்று.

தமிழில் மெய்யெழுத்துத் தனித்து மொழிக்கு முதலில் வாராது. ஆதலின் ‘ஸ்’ நீங்கி, ஸ்கந்தன் கந்தனானான். வடவெழுத்தை விலக்கித் தமிழெழுத்தோடு பொருந்தி வருவதே வடசொல் என்பது தொல்காப்பியர் கொள்கை. அதே மாவட்டத்து உருத்திரபுரத்தைப் பாருங்கள். ரகரம் மொழிக்கு முதலாகாமையின் முன்னே உகரம் பெற்று, ருத்திரன் உருத்திரனானான். ஓர் ஊரில் எழுத்து நீங்காது நிற்கிறது. மற்றோர் ஊரில் எழுத்து ஏறி நிற்கிறது. ஒரே மாவட்டத்தில் இருக்கும் இவ்விரு ஊர்ப் பெயர்களிலும் வடமொழியாக்கப் பாடம் அடங்கிவிடுகிறதன்றோ?

எனினும் ஊர்ப்பெயர் இலக்கண ஆசிரியருக்கு மட்டும் உரியதன்று. 2008ஆம் ஆண்டுப் போரில் இவ்வூர் மக்கள் இடம்பெயர்ந்தனர். ஊரைவிட்டு நீங்கியவருக்கு, காணி உறுதியிலும் பிறப்புச் சான்றிதழிலும் உள்ள பெயரே ஊருக்கும் தமக்கும் உள்ள உரிமைக்குச் சான்று. அதில் ஓர் எழுத்து மாறினும், ‘இது அந்த ஊர்தானா?’ என்ற கேள்விக்கு விடை கூற அலையவேண்டியவன் ஏழைக் கமக்காரனே.

ஆகவே, பதிவிலுள்ள பெயர் பதிவிலுள்ளவாறே நிற்க. கவிஞன் கந்தபுரம் என்று பாடுக. அதற்கு இலக்கணம் இடந்தருகிறது. ஆசிரியர்கள் இரண்டையும் கரும்பலகையில் எழுதி, ஒன்று மற்றொன்றான வழியை மாணாக்கருக்கு விளக்குக. தன் ஊர்ப்பெயரின் பொருளறிந்த மாணவனுக்கு இலக்கணம் கசக்காது, ஊரும் மறவாது.