புராஸ்டேட் அறுவை சிகிச்சைக்குப் பிறகு தாம்பத்தியம் என்ன ஆகும்? கையெழுத்துக்கு முன்பே கேட்டுவிடுங்கள்

புராஸ்டேட் புற்றுநோய் என்று தெரிந்ததும் வீட்டில் கேள்விகள் வரிசையாக எழும். பிழைப்பாரா? எவ்வளவு செலவாகும்? மதுரையா, திருச்சியா, சென்னையா? சிறுநீரை அடக்க முடியாமல் போகுமா? இந்த வரிசையில் ஒரு கேள்வி மட்டும் யார் வாயிலும் வருவதில்லை: ஆபரேஷனுக்குப் பிறகு கணவன் மனைவி உறவு எப்படி இருக்கும்?

நோயாளி கேட்கக் கூசுகிறார். மனைவி, கேட்டால் தப்பாக நினைப்பார்களோ என்று தயங்குகிறார். கேட்காததை எதற்குச் சொல்ல வேண்டும் என்று மருத்துவரும் விட்டுவிடுவது உண்டு. ஆறு மாதம் கழித்து, “இப்படி ஆகும்னு ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லியிருக்கலாமே” என்ற ஆதங்கம் மட்டும் மிஞ்சுகிறது.

காரைக்குடிப் பக்கம் இந்தத் தயக்கம் இன்னும் கூடுதல். புற்றுநோய் ஆபரேஷன் என்றதும் பலர் 80, 90 கிலோமீட்டர் தள்ளி மதுரைக்கோ திருச்சிக்கோ போகிறார்கள். துணைக்கு வருவது மகன், இல்லையென்றால் சிங்கப்பூரிலிருந்து லீவு போட்டு வந்த மகள். ஃபைல் அவர்கள் கையில். மருத்துவர் பேசுவதும் அவர்களிடம்தான். பெற்ற பிள்ளை பக்கத்தில் நிற்கும்போது எந்தத் தகப்பன் இதைக் கேட்பார்? “ஆத்தா, அப்பச்சிக்கு ஆபரேஷன் நல்லா முடிஞ்சிருச்சு” என்று வீட்டுக்குப் போன் வரும். அதோடு பேச்சு முடிந்துவிடும்.

அறுபதாம் கல்யாணத்தை ஊரழைத்து, மாலை மாற்றி, விமரிசையாக நடத்துகிற மண் செட்டிநாடு. இந்த நோய் அதிகம் தென்படுவதும் அந்த அறுபதை ஒட்டிய, அதைத் தாண்டிய வயதில்தான். தம்பதியாக உட்கார வைத்து ஆசி வாங்குகிறோம். அவர்களுக்குள் தாம்பத்தியம் இருக்கும் என்பதை மட்டும் நினைத்துப் பார்க்க மறுக்கிறோம்.

எந்த ஆபரேஷன் என்பதே முதல் கேள்வி

புராஸ்டேட் என்பது ஆண்களுக்கு மட்டும் உள்ள சுரப்பி. சிறுநீர்ப் பைக்குக் கீழே, சிறுநீர்க் குழாயைச் சுற்றி அமைந்திருக்கிறது. விந்துத் திரவத்தின் ஒரு பகுதியைச் சுரப்பது இதன் வேலை. ‘புராஸ்டேட் ஆபரேஷன்’ என்று ஊரில் ஒரே பெயரால் சொல்லப்படுவது உண்மையில் இரண்டு வேறு சிகிச்சைகள்.

முதலாவது, வயதானால் வரும் சாதாரண வீக்கத்துக்கானது. இது புற்றுநோய் அல்ல. சிறுநீர்ப் பாதை வழியாகவே கருவியைச் செலுத்தி, அடைக்கும் சதையை மட்டும் சுரண்டி எடுப்பார்கள். ‘டி.யூ.ஆர்.பி.’ என்று பெயர். இதற்குப் பிறகு விறைப்பு பெரும்பாலும் மாறுவதில்லை. ஆனால் பெரும்பாலானோருக்கு உச்சத்தின்போது விந்து வெளியே வராமல் சிறுநீர்ப் பைக்குள் போய்விடும். பிறகு சிறுநீரோடு கலந்து வெளியேறும். இதனால் உடம்புக்குக் கெடுதல் இல்லை.

இரண்டாவது, புற்றுநோய்க்கானது. சுரப்பியை முழுவதுமாக, அதை ஒட்டிய விந்துப் பைகளோடு சேர்த்து அகற்றுவார்கள். கணவன் மனைவி உறவில் பெரிய மாற்றம் வருவது இதில்தான்.

மயிரிழை நரம்புகள்

விறைப்பைத் தூண்டும் நரம்புகள் மெல்லிய வலைபோல, சுரப்பியின் இரண்டு பக்கமும் ஒட்டி ஓடுகின்றன. இவை சரியாக எங்கே இருக்கின்றன என்பது நெடுங்காலம் அறுவை மருத்துவர்களுக்கே தெரியாது. 1981-இல் அமெரிக்க மருத்துவர் பேட்ரிக் வால்ஷ், நெதர்லாந்தின் சிறுநீரியல் மருத்துவர் பீட்டர் டோன்கருடன் சேர்ந்து அந்த நரம்புகளின் பாதையைக் கண்டறிந்தார். அடுத்த ஆண்டே, 1982-இல், நரம்புகளைக் காப்பாற்றித் திட்டமிட்டுச் செய்த முதல் அறுவை சிகிச்சையை வால்ஷ் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் நடத்தினார். இன்று மதுரையிலோ சென்னையிலோ ‘நர்வ் ஸ்பேரிங்’ என்று மருத்துவர்கள் சொல்வதற்கு மூலம் அதுதான்.

எல்லோருக்கும் நரம்பைக் காப்பாற்ற முடியாது. புற்று நரம்புப் பக்கம் பரவியிருந்தால் நரம்பையும் சேர்த்தே எடுக்க வேண்டியிருக்கும். காப்பாற்றினாலும் இழுபட்டு, நசுங்கி, அந்த நரம்புகள் மரத்துப்போகும். மெல்ல மெல்லத்தான் தேறும். அதற்கு ஒன்றரை, இரண்டு ஆண்டுகள்கூட ஆகலாம். வயது, ஆபரேஷனுக்கு முன்பிருந்த நிலை, சுகர், இரத்த அழுத்தம், புகைப் பழக்கம் எல்லாமே பலனை மாற்றும். ‘ரோபோ ஆபரேஷன் செய்தால் ஒன்றும் ஆகாது’ என்று நம்புவதும் சரியில்லை. ரோபோ ஒரு கருவி. அதைக் கையாளும் மருத்துவரின் அனுபவமும், புற்று இருக்கும் இடமும்தான் பலனைத் தீர்மானிக்கின்றன.

எண்கள் சொல்வது

இந்த விஷயத்தில் நம்பகமான கணக்கு ஒன்று பிரிட்டனிலிருந்து வந்திருக்கிறது. ‘புரொடெக்ட்’ என்ற ஆய்வில், புற்று சுரப்பிக்குள்ளேயே அடங்கியிருந்த 1,643 ஆண்களைக் குலுக்கல் முறையில் மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு அறுவை சிகிச்சை, இன்னொன்றுக்குக் கதிர்வீச்சு, மூன்றாவதற்குத் தொடர் கண்காணிப்பு மட்டும்.

சிகிச்சைக்கு முன் இவர்களில் 67 சதவீதம் பேருக்கு உறவுக்குப் போதுமான விறைப்பு இருந்தது. 6 மாதம் கழித்து அறுவை சிகிச்சைப் பிரிவில் அது 12 சதவீதமாகச் சரிந்தது. கதிர்வீச்சுப் பிரிவில் 22, கண்காணிப்புப் பிரிவில் 52. ஆறு ஆண்டுகளில் முறையே 17, 27, 30. கண்காணிப்பில் மட்டும் இருந்தவர்களுக்கும் குறைந்திருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். வயது தன் பங்கை எடுத்துக்கொள்கிறது. கண்காணிப்பில் இருந்து பிறகு சிகிச்சைக்குப் போனவர்களும் அதில் உண்டு.

இதே ஆய்வின் 15 ஆண்டு முடிவு 2023-இல் வந்தது. மூன்று பிரிவையும் சேர்த்து, புராஸ்டேட் புற்றுநோயால் இறந்தவர்கள் சுமார் 3 சதவீதம். பிரிவுகளுக்குள் பெரிய வித்தியாசம் இல்லை.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. “உயிரு பொழச்சதே பெருசு, இந்த வயசுல இதெல்லாம் என்னத்துக்கு?” என்று வாயை அடைத்துவிடுகிறோம். ஆரம்பக் கட்டத்தில், வீரியம் குறைந்த புற்று உள்ளவருக்கு உயிர் ஒரு பக்கம், தாம்பத்தியம் ஒரு பக்கம் என்ற நிலையே இல்லை. அவருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட வழிகள் திறந்திருக்கலாம். அதில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது இந்தப் பக்கவிளைவையும் தராசில் வைத்துப் பார்க்கும் உரிமை அவருக்கு உண்டு. வீரியமான, பரவக்கூடிய புற்று என்றால் கணக்கு வேறு. அங்கே தாமதிப்பது ஆபத்து. தமக்கு எந்த வகை என்பதை மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வதுதான் முதல் படி. பிரிட்டன் எண்களை அப்படியே நம்மூருக்குப் பொருத்தவும் கூடாது.

எது போகும், எது இருக்கும்?

புற்றுநோய்க்காகச் சுரப்பியை முழுதாக அகற்றிய பிறகு விந்து வெளிவராது. இது நிரந்தரம். குழந்தை வேண்டும் என்று நினைப்பவர்கள் முன்கூட்டியே விந்தணுவைச் சேமித்துவைக்க வேண்டும். விந்து வராததால் ‘சக்தி போயிடுச்சு’ என்று மனம் உடைவோர் உண்டு. அந்த நம்பிக்கைக்கு மருத்துவ ஆதாரம் கிடையாது.

ஆசை போவதில்லை. ஆண் ஹார்மோன் பெருமளவு விதைகளில்தான் சுரக்கிறது. இந்த ஆபரேஷன் விதைகளைத் தொடுவதில்லை. ஹார்மோனைக் குறைக்கும் ஊசி போட்டாலோ விதைகளை அகற்றினாலோதான் ஆசை பெரிதும் குறையும். தொடு உணர்வும் இருக்கும். முழு விறைப்பு இல்லாமலேகூட உச்சத்தை உணர முடியும். சிலருக்கு உச்சத்தின்போது சிறிது சிறுநீர் கசியலாம், ஆணுறுப்பின் நீளம் கொஞ்சம் குறைந்ததுபோல் தோன்றலாம். இவையும் மருத்துவர்கள் அறிந்த மாற்றங்கள்தான். வெளியில் சொல்ல வெட்கப்பட ஏதுமில்லை.

உறவின் மூலம் புற்றுநோய் மனைவிக்குத் தொற்றாது. இந்தப் பயத்தாலேயே கட்டிலைத் தனியாகப் போட்டுக்கொள்கிற தம்பதிகளுக்கு இதை யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும்.

என்ன செய்யலாம்?

சில்டெனாபில், டடாலாபில் போன்ற மாத்திரைகள் இரத்த ஓட்டத்தைக் கூட்டி உதவும். நரம்பு ஓரளவாவது பிழைத்திருந்தால்தான் இவை வேலை செய்யும். தினமும் சாப்பிட்டால் நரம்பு சீக்கிரம் தேறும் என்பது இன்னும் உறுதியாக நிரூபிக்கப்படவில்லை. நெஞ்சுவலிக்காக நாக்குக்கு அடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரை எடுப்பவர்கள் இவற்றைத் தொடவே கூடாது. இரத்த அழுத்தம் திடீரென இறங்கி உயிருக்கே ஆபத்தாகும்.

மாத்திரை கேட்காவிட்டால் காற்றை உறிஞ்சும் வாக்குவம் கருவி இருக்கிறது. ஆணுறுப்பில் போடும் ஊசி இருக்கிறது. அளவை மருத்துவர் நிர்ணயித்து, போடும் முறையையும் சொல்லித்தருவார். ஊசி போட்ட பிறகு விறைப்பு நான்கு மணி நேரத்துக்கு மேல் நீடித்தால் உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். எதுவும் பலிக்காதவர்களுக்கு, உள்ளே பொருத்தும் செயற்கைக் கருவியும் உண்டு. சிறுநீர்க் கசிவுக்கு இடுப்புத் தளத் தசைப் பயிற்சி கைகொடுக்கும்.

செய்யக் கூடாதது ஒன்று உண்டு. ‘ஆண்மைக்குறைவா? இன்ன தேதியில் இன்ன லாட்ஜில் வைத்தியரைச் சந்திக்கலாம்’ என்று சுவரிலும் பேப்பரிலும் விளம்பரம் வரும். இப்படி விளம்பரம் செய்வதே 1954-ஆம் ஆண்டின் மருந்து மற்றும் மந்திர வைத்திய விளம்பரத் தடைச் சட்டப்படி குற்றம். அறுபட்ட நரம்பை ஒட்டவைக்கும் லேகியம் எதுவும் கிடையாது. ‘மூலிகை’ என்று விற்கப்படும் இத்தகைய சரக்குகளில் சில்டெனாபில் கலந்திருப்பது பல நாடுகளில் பிடிபட்டிருக்கிறது. இதய நோயாளி ஒருவர் அறியாமல் அதைச் சாப்பிட்டால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

மனைவியும் அந்த அறையில் இருக்கட்டும்

விறைப்பு வராதபோது பல ஆண்கள் தொடுவதையே நிறுத்திவிடுகிறார்கள். தொட்டால் எதிர்பார்ப்பாளோ என்ற கூச்சம். மனைவியோ, தன் மேல் பிடிப்பு விட்டுப்போச்சோ என்று நினைக்கிறார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் காப்பாற்றுவதாக நினைத்துப் பேசாமல் இருக்கிறார்கள். மாதவிடாய் நின்ற வயதில் அவருக்கும் வறட்சி, வலி என்று உடல் மாற்றங்கள் இருக்கும். அதற்கும் சிகிச்சை உண்டு. இருவரையும் சேர்த்து உட்கார வைத்துப் பேசாமல் இதில் தீர்வு வராது.

சட்டமும் இதைத்தான் எதிர்பார்க்கிறது. சமீரா கோலி வழக்கில் 2008-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: சிகிச்சையின் தன்மை, பலன், மாற்று வழிகள், முக்கிய ஆபத்துகள் ஆகியவற்றை நோயாளிக்குப் போதுமான அளவு விளக்கிய பிறகு பெறுவதே உண்மையான சம்மதம். “இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க” என்று வராந்தாவில் நீட்டும் படிவம் அந்த வகையில் சேராது.

கையெழுத்துக்கு முன் கேட்க வேண்டியவை:

• புற்று எந்தக் கட்டம், எவ்வளவு வீரியம்? வேறு வழி இருக்கிறதா?
• நரம்பைக் காப்பாற்ற முடியுமா? ஒரு பக்கமா, இரண்டு பக்கமுமா?
• இன்றைய நிலையில் எனக்கு எவ்வளவு தேறும் என்று எதிர்பார்க்கலாம்?
• மறுவாழ்வு சிகிச்சை எப்போது தொடங்கும்? அதற்கு யாரிடம் வர வேண்டும்?

மருத்துவமனைகள் செய்ய வேண்டியதும் பெரிய காரியம் அல்ல. பிள்ளைகளை வெளியே உட்கார வைத்துவிட்டு, கணவன் மனைவியிடம் மட்டும் பத்து நிமிடம் பேசலாம். சம்மதப் படிவத்தோடு எளிய தமிழில் ஒரு பக்கத் தாள் கொடுக்கலாம். மறுபரிசோதனைக்கு வரும்போது பி.எஸ்.ஏ. அளவையும் சிறுநீரையும் விசாரிப்பதோடு இதையும் மருத்துவரே முதலில் கேட்கலாம். அவர் கேட்டுவிட்டால் நோயாளி சொல்லிவிடுவார். அரசு மருத்துவமனையானாலும் தனியார் மருத்துவமனையானாலும், இதற்குப் புதிய கருவியோ நிதியோ தேவையில்லை.