அந்த அனானி யாரு?

ஆபீஸ்ல இந்த வாரம் ஆணி கொஞ்சம் கம்மி. அதனால நீங்க மாட்டிக்கிட்டீங்க. :-)

சித்தி பையன் ஒருத்தன் இன்ஜினியரிங் மூணாவது வருஷம் படிக்கிறான். போன வாரம் வாட்ஸப்ல ஒரு லிங்க் அனுப்பி, "அண்ணா, எங்க காலேஜ் மலர். எல்லாரும் சேர்ந்து எழுதிக்கிட்டு இருக்கோம். ஒரு தடவை படிச்சுப் பாத்துட்டு சொல்லு"ன்னான். கூகுள் டாக்ஸ். திறந்தா உள்ளே ஒரே திருவிழாக் கூட்டம். கலர் கலரா கர்சர் ஓடுது. ஒருத்தன் கவிதைல வரி வெட்டறான், இன்னொருத்தி அதை மறுபடி ஒட்டறா. மேலே மூலைல வரிசையா தலைகள். அதுல நாலஞ்சு பேருக்கு முகம் இல்ல, மிருகப் படம். லாகின் பண்ணாம சும்மா லிங்க்கைப் பிடிச்சு உள்ளே வர்றவங்களுக்கு கூகுளே ஒரு பேர் வைக்கும் இல்லையா, அனானிமஸ் கேப்பிபாரா, அனானிமஸ் குவாக்கான்னு. பசங்க அதை வெச்சு ஓரத்துல கமெண்ட் போட்டுச் சிரிச்சுக்கிட்டு இருந்தாங்க.

எனக்குச் சிரிப்பு வரல. ஏன்னு சொல்லணும்னா கொசுவத்தி சுத்தணும். பரவாயில்லையா?

2016-17. மதுரைக்குத் தெக்க ஒரு காலேஜ். நான் மூணாவது வருஷம், ஆண்டு மலருக்கு மாணவர் ஆசிரியர். (இந்தப் பதவி எப்படிக் கிடைச்சதுன்னு கேக்காதீங்க. வேற யாரும் கை தூக்கல.) அதுக்கு முன்னாடி வரைக்கும் எங்க காலேஜ்ல மலர் வேலைன்னா ஆபீஸ் ரூம் வாசல்ல ஒரு பெட்டி. படைப்புகளை அதுல போடணும். இன்சார்ஜ் சார் வீட்டுக்கு எடுத்துட்டுப் போய்ப் படிச்சு, சிவப்பு மையில திருத்தி, டிடிபி சென்டர்ல குடுப்பார். மாணவர் ஆசிரியர் குழுன்னு உள்ளே போட்டிருக்கும் எட்டுப் பேரோட வேலை, குரூப் போட்டோவுக்கு நிக்கறது.

நாங்க மாத்தறோம்னு கிளம்பினோம். எல்லாம் ஆன்லைன். டிரைவ்ல ஒரு ஃபோல்டர், துறைக்கு ஒரு டாக், லிங்க் இருக்கிற யார் வேணா திருத்தலாம். அப்ப அது எவ்வளவு பெரிய விஷயமா இருந்தது தெரியுமா? 2014லயே டாக்ஸ்ல சஜஷன் வசதி வந்திருந்தது. அதாவது அடுத்தவன் எழுதினதை அழிக்காம, "இப்படி மாத்தலாமே"ன்னு பக்கத்துல எழுதி வைக்கலாம். சிவப்பு மை மாதிரிதான், ஆனா ஒத்துக்கிட்டாத்தான் மாறும். முதல் தடவையா ஒரு முதல் வருஷப் பையன் ஃபைனல் இயர் சீனியரோட கட்டுரையில எழுத்துப்பிழை பிடிச்சான். சீனியரும் ஒத்துக்கிட்டார். நேர்ல நடந்திருந்தா அந்தப் பையன் ஹாஸ்டல்ல நிம்மதியா தூங்கியிருக்க முடியாது.

குறும்படம் எடுத்த கோஷ்டியும் டிரைவ்லதான் வேலை செய்வோம்னு ஆரம்பிச்சாங்க. 15 ஜிபி இலவச இடம் ரெண்டே நாள் ஷூட்டிங்ல நிறைஞ்சது, ஹாஸ்டல் வைஃபை மூச்சு விட்டது, மூணாம் நாள் பென் டிரைவுக்கே திரும்பிட்டாங்க. அது தனிக் கதை.

நம்ம கதை தமிழ்ப் பக்கங்கள். இங்கிலீஷ் படைப்பெல்லாம் டைப் பண்ணியே வந்துடுச்சு. தமிழ்ல வந்தது அத்தனையும் கையெழுத்து. ரூல்டு பேப்பர், ரெக்கார்ட் நோட்டுல கிழிச்சது, ஒண்ணு கல்யாணப் பத்திரிகைக்குப் பின்னாடி. மொத்தம் நாப்பது, நாப்பத்தஞ்சு இருக்கும். இதை யார் அடிக்கறது? தமிழ்ப் பகுதியைப் பாத்துக்கிட்ட என் நண்பன், "ஒரு செகண்ட் இயர் பொண்ணு அடிக்கிறேன்னு சொல்லுதுடா"ன்னான். சரின்னேன். அவ்வளவுதான் என் பங்கு.

அந்தப் பொண்ணு தமிழ் மீடியம். பெண்கள் ஹாஸ்டல்ல செல்போன் கூடாது, லேப்டாப்பும் கிடையாது. மத்தியானம் சாப்பாட்டு இடைவேளைல லேப்ல உக்காந்து அடிச்சிருக்கா. லேப் சிஸ்டத்துல என்ஹெச்எம் ரைட்டர் மாதிரி எதையும் நாமளா இன்ஸ்டால் பண்ண முடியாது. அதனால கூகுள் இன்புட் டூல்ஸ் பக்கத்தைத் திறந்து, அந்தப் பெட்டிக்குள்ள தங்கிலீஷ்ல தட்டி, தமிழா மாறினதை காப்பி பண்ணி டாக்ல ஒட்டணும். ஒரு பக்கத்துக்கு எத்தனை தடவை ல, ள, ழ மாறும், ற-வுக்கு பதிலா ர வரும்னு அப்படி அடிச்சவங்களுக்குத் தெரியும். அத்தனையும் திருத்தியிருக்கா. அடிக்கறதோட நிக்காம, சந்திப்பிழை பாத்து, ரெண்டு கவிதைல சுத்தமா புரியாத வரிகளை எழுதினவங்ககிட்டயே போய்க் கேட்டு மாத்தியிருக்கா. இதுக்குப் பேர் டைப்பிங் இல்ல, எடிட்டிங். இதெல்லாம் எனக்கு அப்ப தெரியாது.

அப்புறம் சிவகாசில அச்சகம். அங்கே போனதும் எங்க ஆன்லைன் புரட்சி செத்துது. அவங்ககிட்ட இருந்தது பேஜ்மேக்கர். அதுக்கு யூனிகோட் தெரியாது. நாங்க குடுத்த தமிழை ஒட்டினா கட்டம் கட்டமா நிக்குது. என்ஹெச்எம் கன்வர்ட்டர்ல போட்டு அவங்க பழைய ஃபான்ட்டுக்கு மாத்தினோம். மாத்தின நிமிஷத்துல இருந்து டாக்ல திருத்தறதுக்கு அர்த்தமே இல்ல. ப்ரூஃப் பிரின்ட் எடுத்து, பேனால சுழிச்சு, போட்டோ பிடிச்சு வாட்ஸப்ல அனுப்பினோம். மறுபடி பெட்டியும் சிவப்பு மையும்தான், என்ன, பெட்டி பச்சைக் கலர்ல இருந்தது.

கடைசி நாள் அச்சகத்துல இருந்து போன். "ஆசிரியர் குழு பக்கம் காலியா இருக்கு தம்பி, பேர் அனுப்புங்க". ராத்திரி பத்து மணி. பெரிய நியாயவான் மாதிரி ஒரு யோசனை வந்தது எனக்கு. யார் யார் வேலை பாத்தாங்கன்னு மெஷினையே கேப்போமே! ஒவ்வொரு டாக்கா திறந்து ஹிஸ்டரியைப் பாத்து, வந்த பேரையெல்லாம் எழுதினேன். சும்மா போட்டோவுக்கு நின்ன ரெண்டு பேரைத் தூக்கிட்டேன். பெருமையா இருந்தது. தமிழ் டாக்ல முக்கால்வாசிக்கு மேல அனானிமஸ்னு வந்தது. லாகின் பண்ணாம வந்தவங்க எல்லாரையும் ஒரே மூட்டையா கட்டி அப்படித்தான் காட்டும். "யாரோ நம்ம பசங்க"ன்னு நினைச்சேன். என் நண்பன் பேரைத் தமிழ்ப் பகுதி ஆசிரியர்னு போட்டு அனுப்பிட்டுத் தூங்கிட்டேன்.

லேப்ல யாரும் சொந்தக் கணக்குல லாகின் பண்ணக் கூடாதுன்னு ஒரு ரூல். எவனோ லாக் அவுட் பண்ண மறந்து, அவன் மெயில்ல இருந்து ஹெச்.ஓ.டி.க்கு எவனோ காதல் கடிதம் அனுப்பின பிறகு வந்த ரூல். ரூலை மதிச்ச பொண்ணு பேர் இல்லாமப் போச்சு. அவ்வளவுதான்.

2018 ஆகஸ்ட். நான் படிப்பு முடிச்சு சென்னைல வேலைக்குச் சேர்ந்து ரெண்டு மாசம். தெரியாத நம்பர்ல இருந்து போன். "அண்ணா, மேகசின்ல நான் தமிழ்ப் பக்கம் பாத்தேன்னு ஒரு லெட்டர் வேணும். ஒரு கன்டென்ட் வேலைக்கு அப்ளை பண்றேன். இன்சார்ஜ் சார்கிட்ட கேட்டேன், புக்கைப் புரட்டிப் பாத்துட்டு பேரே இல்லையேம்மாங்கறார்."

எனக்கு ஒரு நிமிஷம் யார்னே பிடிபடல. அப்புறம்தான் கல்யாணப் பத்திரிகைக் கவிதை ஞாபகம் வந்தது. "அதுக்கென்னம்மா, ஹிஸ்டரில எல்லாம் இருக்கும், எடுத்துத் தரேன்"னு வீரமா சொல்லிட்டு லேப்டாப்பைத் திறந்தேன். அந்த ஃபோல்டர் முழுக்க என் காலேஜ் மெயில் ஐடில இருந்தது. பாஸ் அவுட் ஆனதும் ஐடியை மூடிட்டாங்க. ஃபோல்டரும் போச்சு. இருந்திருந்தாலும் என்ன காட்டியிருக்கும்? அனானிமஸ்னுதானே.

"புக் வந்தப்பவே கேட்டிருக்கலாமே"ன்னேன். "பாத்தேன்ணா. கேட்டா நல்லாருக்காதுன்னு விட்டுட்டேன்."

என் கைப்பட ஒரு லெட்டர் எழுதி அனுப்பினேன். அதை அந்த கம்பெனி ஒத்துக்கிச்சான்னு கேக்க எனக்குத் தைரியம் வரல.

சரி, கொசுவத்தி அணைச்சாச்சு. இப்ப சொல்ல வந்த விஷயம். கூட்டு வேலைக்கு ஆன்லைன் கருவி வேணாம்னு நான் சொல்லல. அந்தப் பெட்டிக் காலத்துல இந்தப் பொண்ணுக்கு வேலையே கிடைச்சிருக்காது. ஆனா இந்தக் கருவி எல்லாத்தையும் ஞாபகம் வெச்சுக்கும்னு நம்பினேன் பாருங்க, அதுதான் தப்பு. அது கணக்கைத்தான் ஞாபகம் வெச்சுக்கும், ஆளை இல்ல. யாருக்கு சொந்த போன், சொந்த லேப்டாப், எந்நேரமும் நெட் இருக்கோ அவங்க பேர் சுத்தமா பதிவாகும். ஓசி சிஸ்டத்துல, அரை மணி நேரத்துல வேலை பாக்கறவங்க அனானி.

இந்தத் தொழிலுக்கு வந்தப்புறம் கிட் பழகினேன். லைனக்ஸ் எழுதின லைனஸ் டோர்வால்ட்ஸ் 2005ல எழுதினது. அதுல ஒரு மாற்றத்துக்கு ரெண்டு பேர் பதிவாகும், எழுதினவர் ஒருத்தர், அதைக் கொண்டுபோய்ச் சேர்த்தவர் ஒருத்தர். லைனக்ஸுக்கு ஆளுங்க திருத்தங்களை மெயில்ல அனுப்புவாங்க, வேற ஒருத்தர் வாங்கி உள்ளே சேர்ப்பார். சேர்த்தவர் பேர்ல அது போயிடக் கூடாது இல்லையா? அதுக்குத்தான் ரெண்டு இடம். முதல் தடவை இதைப் படிச்சப்ப எனக்கு சுருக்குன்னுது. மெயில்ல கோடு அனுப்பற முகம் தெரியாத ஆளுக்கு ஒரு இடம் ஒதுக்கணும்னு அங்கே யோசிச்சிருக்காங்க. நான் ஒரே காம்பவுண்டுக்குள்ள இருந்த ஆளை விட்டுட்டேன்.

"அப்ப எல்லாரையும் லாகின் பண்ணச் சொல்லு, ஹிஸ்டரியைப் பாத்து மார்க் போடு"ன்னு ஒரு புரொபசர் நண்பர் சொன்னார். ஐயா, தயவு செஞ்சு வேண்டாம். கோடு எத்தனை வரின்னு எண்ணி ஆளை எடை போட்டா என்ன ஆகும்னு எங்களைக் கேளுங்க. பத்துப் பக்கத்தை எங்கிருந்தோ சுட்டு ஒட்டினவன் பெரிய உழைப்பாளியா தெரிவான். நாலு மணி நேரம் யோசிச்சு ஒரு பத்தியைத் தூக்கினவன் சோம்பேறி. அப்புறம் பசங்க ஸ்பேஸ் தட்டியே மார்க் வாங்குவாங்க. இப்ப ஏஐ வேற இருக்கு, கேக்கவே வேணாம்.

எனக்குத் தெரிஞ்ச ஒரே வழி பழைய வழிதான். பேர்ப் பக்கத்தைக் கடைசி ராத்திரி எழுதாம முதல் நாளே எழுதணும். ஃபோல்டர்ல முதல் ஃபைல் அதுவா இருக்கட்டும். அடிச்சது யார், திருத்தினது யார், அச்சகத்துக்கு பஸ் ஏறினது யார்னு வாராவாரம் எழுதணும், யார் வேணா யார் பேரை வேணா சேக்கலாம். அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி எல்லாரையும் உக்கார வெச்சு சத்தமா வாசிக்கணும். "என் பேரை விட்டுட்டீங்க"ன்னு தானா சொல்ற தைரியம் எல்லாருக்கும் இருக்காது. "அவ பேரை விட்டுட்டீங்க"ன்னு பக்கத்துல இருக்கறவ சொல்லிடுவா.

ஃபோல்டர் ஒரு மாணவன் பேர்ல இருக்கவே கூடாது. 2017ல கூகுள் டீம் டிரைவ்னு கொண்டு வந்தாங்க, இப்ப பேர் ஷேர்டு டிரைவ். அதுல போடற ஃபைல் குழுவுக்குச் சொந்தம். போட்டவன் போனாலும் ஃபைல் இருக்கும். காலேஜ் கணக்குல அது கிடைக்கும், கேட்டு வாங்குங்க. ஆனா அதையும் முழுசா நம்பாதீங்க. கல்வி நிறுவனங்களுக்கு அளவில்லாம குடுத்த இடத்தை 2022 ஜூலைல 100 டிபின்னு சுருக்கிட்டாங்க. ரெண்டு வருஷம் எட்டிப் பாக்காத தனிநபர் கணக்குகளை 2023 டிசம்பர்ல இருந்து அழிக்கவும் ஆரம்பிச்சாங்க. பிடிஎஃப் ஒண்ணு எடுத்து காலேஜ் லைப்ரரில குடுத்து வைங்க. லைப்ரரியன் முறைப்பார். குடுங்க.

தம்பி டாக்ல இதையெல்லாம் கமெண்டா எழுதினேன். "அண்ணா, டெட்லைன் வெள்ளிக்கிழமை, பேரெல்லாம் கடைசில பாத்துக்கலாம்"னு பதில் போட்டான். போன் பண்ணித் திட்டினேன். இப்ப முதல் ஃபைல் போட்டிருக்கான். கேப்பிபாரா யாருன்னு கண்டுபிடிச்சாச்சாம், மெக்கானிக்கல் பையன். குவாக்கா இன்னும் தெரியல, தேடிக்கிட்டு இருக்காங்க.

பி.கு: இதை எழுதறதுக்கு முன்னாடி அந்தப் பொண்ணுகிட்ட பேசினேன். இப்ப ஓசூர்ல இருக்காங்க, பேங்க் வேலை. உங்க பேரைப் போட்டு எழுதட்டுமான்னு கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம், "இப்ப எதுக்குண்ணா"ன்னுட்டாங்க.