நல்ல குணத்தைச் சொல்லிக்கொடுக்க முடியுமா?

சாக்ரடீஸிடம் மேனோ என்ற இளைஞன் கேட்ட கேள்வி இது. பிளேட்டோ அந்த உரையாடலை அவன் பெயரிலேயே எழுதி வைத்திருக்கிறார்.

சாக்ரடீஸ் ஊரறிந்த உதாரணம் காட்டுகிறார். தெமிஸ்டோக்ளிஸ் பெரிய தளபதி. குதிரைமேல் நின்றபடி ஈட்டி எறியக்கூட மகனைப் பழக்கினார். ஆனால் அப்பாவின் குணம் பிள்ளைக்கு வரவில்லை. ஆகவே நற்குணம் தெய்வம் தருவது போலும் என்று முடிக்கிறார்.

இங்கேதான் நான் ஒப்பவில்லை. அதே உரையாடலில், கணக்கே படிக்காத ஓர் அடிமைச் சிறுவனிடம், சதுரத்தின் பரப்பை இரட்டிப்பாக்கும் வழி கேட்கிறார். பக்கத்தை இரட்டித்தால் போதும் என்கிறான். பரப்பு நான்கு மடங்காகிவிடுகிறது. "எனக்குத் தெரியவில்லை" என்று அவன் ஒப்புக்கொண்ட பிறகே, மூலைவிட்டத்தின் மேல் சதுரம் வரையும் சரியான வழி பிடிபடுகிறது. குணத்துக்கும் அந்த ஒப்புதல்தான் முதல் படி என்பேன்.

என் பிள்ளைகளுக்கு நான் நிறைய உபதேசம் செய்தவன். "நான் செய்தது தப்பு" என்று ஒருநாளும் அவர்களிடம் சொன்னதில்லை. இன்று என் மகனும் தன் பிள்ளையிடம் சொல்வதில்லை. உபதேசம் எதுவும் ஒட்டவில்லை. சொல்லிக்கொடுக்காத இது மட்டும் ஒட்டிக்கொண்டது.

நேற்று பேரனை அநியாயமாகத் திட்டிவிட்டேன். இன்று அவனிடம் சொல்லிவிட வேண்டும், அவன் அப்பா பக்கத்தில் இருக்கும்போதே.