நம் காரை நாமே கவனிப்போம்



தோட்டத்து லயங்களின் முன்னே சைக்கிள் நின்ற இடத்தில் இன்று பழைய கன்சில் கார் நிற்கிறது. பெரோடுவா நிறுவனம் 1994-ஆம் ஆண்டில் வெளியிட்ட இச்சிறு காரின் உற்பத்தி 2009-இல் நின்றுவிட்டது. ஆயினும் நம்மவர் அதைக் கைவிடவில்லை. தொழிலாளிக்குக் கார் ஆடம்பரம் என்போர் தோட்டத்தை அறியாதவர். பஸ் வராத செம்மண் சாலையிலிருந்து பிள்ளையைப் பள்ளிக்கும், நோயாளியை டவுன் ஆஸ்பத்திரிக்கும் கொண்டு சேர்ப்பது அதுதான்.

அத்தகைய காரின் மூடியைத் திறந்து பார்ப்பவர் நம்மில் எத்தனை பேர்? பிறரைக் குறை கூறுமுன் நம் கதையைச் சொல்வோம். ஒரு விடியற்காலை சாவியைத் திருப்பினோம். 'டிக்' என்ற ஓசை மட்டுமே வந்தது. டவுன் பட்டறையில் புதிய பேட்டரி போட்டு 200 வெள்ளி வாங்கிக்கொண்டார்கள். இரண்டு வாரத்தில் மீண்டும் அதே ஓசை! தோட்டத்து டிராக்டர் ஓட்டுநர் வந்து பார்த்தார். "பேட்டரியில் குறையில்லை ஐயா, ஒயர்க் கவ்விதான் உப்புப் பூத்துக் கிடக்கிறது" என்றார். கழற்றிச் சுடுநீரில் கழுவி, பழைய பல் துலக்கியால் தேய்த்து, துடைத்து இறுக்கினார். கார் உறுமியது.

செக்ரோலில் ஒரு காசு குறைந்தாலும் விடாத நாம், பட்டறைப் பில்லுக்கு மட்டும் வாய் திறக்கவில்லை! 2025 பிப்ரவரி முதல் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. 26 நாளுக்கு வகுத்தால் நாளொன்றுக்குச் சுமார் 65 வெள்ளி. அப்படியானால் 200 வெள்ளி என்பது மூன்று நாள் உழைப்பு அல்லவா?

பட்டறைக்காரரைப் பழிப்பது நம் நோக்கமன்று, அவரும் உழைப்பாளியே. ஆனால் ஒன்றும் அறியாதவனுக்கு நியாயமான பில்லும் அநியாயமான பில்லும் ஒன்றாகவே தோன்றும். அறிந்தவன்தான் கேள்வி கேட்பான்.

வாரம் ஒரு முறை, எஞ்சின் ஆறியிருக்கும்போது எண்ணெய்க் கம்பியை உருவி அளவு பாருங்கள். ரேடியேட்டர்த் தண்ணீரையும் டயர்க் காற்றையும் கவனியுங்கள். எஞ்சின் கொதிக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் தொடவே வேண்டாம். செம்மண் புழுதியில் ஓடும் காருக்குக் காற்று வடிகட்டி விரைவில் அடைத்துக்கொள்ளும்; அடிக்கடி எடுத்துப் பார்த்து, அழுக்கேறினால் மாற்றுங்கள். பேட்டரியைக் கழற்றும்போது முதலில் கழற்ற வேண்டியதும், கடைசியில் மாட்ட வேண்டியதும் 'கழித்தல்' முனையே. பழைய எண்ணெயைக் கால்வாயில் ஊற்றாமல், டப்பாவில் சேர்த்துப் பட்டறையில் ஒப்படையுங்கள்.

துணிவு வேறு, அசட்டுத்தனம் வேறு. பிரேக்கையும் டைமிங் பெல்ட்டையும் தேர்ந்த போர்மேனிடமே விடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பிக் காரின் அடியில் ஒருபோதும் புகாதீர்கள். மிச்சம் பிடிக்கும் வெள்ளியைவிட உயிர் பெரிது.

ஒவ்வொரு வீட்டிலும் எல்லாக் கருவியும் வாங்கக் கட்டுப்படியாகாது. ஆகவே, சங்கக் கிளைகள் ஒவ்வொன்றும் ஒரு ஸ்பேனர் செட், ஒரு ஜாக்கி, இரண்டு உறுதியான தாங்கிகள் ஆகியவற்றைப் பொதுவில் வாங்கி வைக்க வேண்டும். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, டிராக்டர் ஓட்டுநர் போன்ற கைதேர்ந்தோர் மற்றவர்க்குக் கற்றுக்கொடுக்கட்டும். கார் ஓட்டும் பெண்களும் தயங்காமல் வரட்டும். சம்பளத்தை உயர்த்தப் போராடுவது போலவே, பெற்ற சம்பளம் வீணே கரையாமல் காப்பதும் சங்கத்தின் கடமையே.

கிளைத் தலைவர்கள் முன்வருவார்களா?